முதல் மேக்கப்: பூசும் முன்னும் பூசிய பின்னும்

கல்லூரியில் சேர்ந்ததும், வேலைக்குப் போகத் தொடங்கியதும், அல்லது வீட்டில் ஒரு கல்யாணம் நெருங்கும்போதும்தான் பலர் முதன்முதலாக மேக்கப் பொருள்கள் வாங்குகிறார்கள். கடையில் கேட்பது ஃபவுண்டேஷன், காம்பாக்ட், ஐலைனர், லிப்ஸ்டிக். பூசியதைக் கலைக்க என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. ஐலைனர் கோணலாகப் போனால் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம், அதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. தொல்லை வேறு மூன்று இடங்களிலிருந்து வருகிறது: தோலுக்கு ஒவ்வாத பொருள், அழுக்கேறிய தூரிகை, கலைக்காமல் விட்ட பூச்சு. ஆகவே புதிதாகப் பழகுபவர் கலைக்கக் கற்றுக்கொண்ட பிறகு பூசக் கற்றுக்கொள்வதே நல்லது.

உங்கள் தோல் எந்த வகை?

பொருள் வாங்குவதற்கு முன் வீட்டிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். முகம் முழுவதும் பளபளத்தால் எண்ணெய்ப் பசைத் தோல். இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்து செதிலாக உரிந்தால் வறண்ட தோல். நெற்றி, மூக்கு, முகவாய் மட்டும் மினுங்கினால் கலப்புத் தோல். எதைப் பூசினாலும் எரிந்து சிவக்கிறது என்றால் அது எளிதில் பாதிக்கப்படும் தோல்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்ப் புழுக்கத்தில் எண்ணெய்ப் பசைத் தோலுக்கு ஜெல் வகை மாய்ஸ்சரைசரும் கனமில்லாத ஃபவுண்டேஷனும் போதும். பரு வரும் முகம் என்றால் ‘நான் காமிடோஜெனிக்’ என்று அச்சிட்டிருப்பதைத் தேடுங்கள். துளைகளை அடைக்காத வகை என்பது அதன் பொருள். அழகுசாதனத்தால் வரும் பருவைத் தனியொரு வகையாகவே அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1972-ல் விவரித்தார்கள். பொருளைப் பயன்படுத்தத் தொடங்கிப் பல வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்தே அது தலைகாட்டும். அதனால்தான் பலர் சாப்பாட்டையும் வெயிலையும் சந்தேகிக்கிறார்களே தவிர, ஃபவுண்டேஷனைச் சந்தேகிப்பதில்லை.

வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

இந்தியாவில் அழகுசாதனங்களுக்கென்று 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதிப் பதிவு எண் இருக்கும். இவை எதுவும் இல்லாமல் நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பிரபல பிராண்டு பெரும்பாலும் போலிதான்.

மூடி திறந்த டப்பா படமும் அதற்குள் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருந்தால், திறந்த நாளிலிருந்து அத்தனை மாதங்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அர்த்தம். திறந்த தேதியை அடியில் ஒரு மார்க்கரால் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

‘நேச்சுரல்’, ‘ஹெர்பல்’ என்ற சொற்களை நம்பி ஏமாற வேண்டாம். செடியிலிருந்து எடுத்த எண்ணெய்களும் ஒவ்வாமை தரும். முகத்தில் ஒவ்வாமை உண்டாக்குவதில் வாசனைப் பொருள்களுக்கும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. புதிதாகத் தொடங்குபவர் வாசனையே சேர்க்காத பொருளைக் கேட்டு வாங்கலாம்.

நிறம் பார்க்கும்போது புறங்கையில் தடவிப் பார்க்காதீர்கள். கை நிறம் வேறு, முக நிறம் வேறு. தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுவே உங்கள் நிறம். நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பாக வாங்கினால் முகம் சாம்பல் பூத்ததுபோல் தெரியும், கழுத்து காட்டிக் கொடுத்துவிடும்.

முகத்துக்கு முன் முழங்கைக்கு

புதுப் பொருளை முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு எதுவும் இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டு போகலாம். ஒரு நாள் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒவ்வாமை பெரும்பாலும் உடனே வராது, இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியும். சில பொருள்கள் பலமுறை பட்ட பிறகுதான் உடல் அவற்றை எதிரியாகப் பார்க்கத் தொடங்கும்.

கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் புது ஃபேஷியலும் புது கிரீமும் போடுவது இதனால்தான் ஆபத்து. மேக்கப் கலைஞரிடம் ஒத்திகை பார்ப்பதை இரண்டு வாரத்துக்கு முன்பே முடித்துவிட்டால், ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனாலும் ஆறுவதற்கு நேரம் இருக்கும்.

பூசும் வரிசை

முதலில் கை கழுவுங்கள். பிறகு முகம் கழுவி மாய்ஸ்சரைசர் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். அது ஊறாமல் அடுத்ததைப் பூசினால் திரித்திரியாக உருளும்.

அடுத்து சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30 உள்ளது, தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். ஆனால் அந்தப் பலன் போதிய அளவு பூசினால்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். ஃபவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். அத்தனை கனமாக யாரும் ஃபவுண்டேஷன் பூசுவதில்லை.

பிறகு ஃபவுண்டேஷன். பட்டாணி அளவில் தொடங்குங்கள். மூக்கின் இரு பக்கமும், நெற்றி நடுவிலும், முகவாயிலும் புள்ளி வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, தேய்க்காமல் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றிப் பரப்புங்கள். முகம் முழுவதும் ஒரே கனத்தில் இருக்க வேண்டியதில்லை. தோல் தெளிவாக இருக்கும் இடத்தில் பூச்சே தேவையில்லை. கண்ணடிக் கருமைக்கும் பருத் தழும்புக்கும் மட்டும் கன்சீலரைப் புள்ளியாக வைத்து ஒற்றுங்கள். ஃபவுண்டேஷனுக்குப் பிறகு கன்சீலர் வைத்தால் குறைவாகவே செலவாகும். பவுடர் நெற்றி, மூக்கு, முகவாய்க்குப் போதும்.

நம் மாநிறத் தோலுக்கு ஒரு செய்தி. கருந்திட்டுகளைப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதிகமாக்கும். நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன்களிலும் ஃபவுண்டேஷன்களிலும் உள்ள இரும்பு ஆக்ஸைடு நிறமிகள் அந்த ஒளியைத் தடுக்கின்றன. மங்கு உள்ளவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் நிறமூட்டிய சன்ஸ்கிரீனைப் பரிந்துரைப்பது அதனால்தான்.

உதிரிப் பவுடரை ஊதிப் பறக்கவிடாதீர்கள். பல பவுடர்களில் டால்க் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-ல் டால்கை ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்று கருதப்படும் 2-ஏ பிரிவில் சேர்த்தது. பயந்து நடுங்க வேண்டாம், ஆனால் அது மூக்குக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணும் உதடும்

இமை விளிம்பில் சின்னஞ்சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் உலராமல் காப்பது அவை சுரக்கும் எண்ணெய்தான். கண்மையை இமையின் உள்விளிம்பில் அப்பினால் அந்த வாய்கள் அடைபட்டுக் கண் உறுத்தும், கட்டி வரும். இமை முடிக்கு வெளியே வரைவதே பாதுகாப்பு. லேபிள் இல்லாத மை, சுர்மா வகைகளில் ஈயம் இருக்கலாம் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தைகளுக்குக் கண்ணில் மை இடவே வேண்டாம்.

மஸ்காராவின் ஆயுள் மூன்று மாதம். காய்ந்துவிட்டது என்று தண்ணீரோ எச்சிலோ விட்டுக் குலுக்கினால் கிருமிகளுக்கு விருந்து வைத்த மாதிரி. ஓடும் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கண் வரையாதீர்கள், ஒரு குலுக்கலில் கருவிழி கீறிவிடும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் லென்ஸைப் போட்டுக்கொண்ட பிறகு மேக்கப் போட வேண்டும். இரவில் லென்ஸைக் கழற்றிய பிறகே மேக்கப்பைக் கலைக்க வேண்டும்.

லிப்ஸ்டிக்கை யாரோடும் பகிராதீர்கள். உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் அப்படிப் பரவக்கூடும். பள்ளி ஆண்டு விழாவில் வரிசையாக நிற்கும் முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே லிப்ஸ்டிக், ஒரே மை என்று போடுவது வழக்கமாக இருக்கிறது. பெற்றோர் வீட்டிலிருந்தே தனித்தனியாகக் கொடுத்தனுப்பலாம்.

பொட்டு இட்ட இடத்தில் நிறம் மாறினால்

சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம், தோலுக்கு நிறம் தரும் செல்களை அழித்துவிடும். பொட்டு இருந்த இடத்தில் அதே வட்டத்தில் வெள்ளைத் திட்டு விழுவது அதனால்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் ஒரு ரகம், மலிவான செயற்கைச் சாயம் கலந்தது இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தில் அரிப்பும் நாட்பட்ட கருமையும் வரலாம். இரவில் பொட்டை எடுத்துவிட்டு நெற்றியைக் கழுவுங்கள். நிறம் மாறத் தொடங்கினால் அந்தப் பொட்டை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

வெளுப்பாக்கும் கிரீம் மேக்கப் ஆகாது

மேக்கப் தோலின் மேல் இருந்துவிட்டுக் கழுவினால் போய்விடும். சிவப்பழகு கிரீம்கள் சில அப்படியல்ல. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயாளிகளை 2021 முதல் 2023 வரை ஆராய்ந்தது. 22 பேரில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அவர்களில் 13 பேர் வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள். இத்தகைய கிரீம்களில் சேர்க்கப்படும் பாதரசம் தோல் வழியே உடலுக்குள் போகிறது.

இன்னொரு வகை, ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். பூசிய சில நாளில் முகம் பளிச்சென்று ஆகும். நாளடைவில் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது, மறுபடி பூசத் தோன்றும். 2018-ல் அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. தோழி சொன்னாள், பார்லர் அக்கா கொடுத்தார் என்று இவற்றைப் பூசாதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் மருத்துவர் சொல்படி விடுபடுவதே நல்லது.

தூரிகையும் ஸ்பாஞ்சும்

பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் பலர் பயன்படுத்திய மேக்கப் பொருள்களைச் சோதித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் பாக்டீரியா இருந்தது. ஸ்பாஞ்சுகளின் நிலைதான் மிக மோசம், அவற்றில் பெரும்பாலானவை ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும், தூரிகையை வாரம் ஒருமுறையும் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். தூரிகையைப் படுக்க வைத்து, காற்றோட்டமான இடத்தில் உலர்த்துங்கள். ஈர ஸ்பாஞ்சை டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இரவில் கலைக்கும் முறை

கண்ணிலிருந்து தொடங்குங்கள். ரிமூவர் நனைத்த பஞ்சை மூடிய இமை மேல் அரை நிமிடம் வைத்திருந்தால் மை தானே இளகும், தேய்க்க வேண்டியிருக்காது. அடுத்து உதடு. பிறகு முகம் முழுவதும் மைசெல்லர் வாட்டரோ கிளென்சிங் ஆயிலோ கொண்டு துடைத்து எடுங்கள். தேங்காய் எண்ணெயும் மேக்கப்பைக் கரைக்கும், ஆனால் பரு வரும் முகத்துக்கு அது ஏற்றதல்ல.

துடைத்ததோடு முடியவில்லை. மென்மையான ஃபேஸ்வாஷால் முகத்தைக் கழுவி, ஒற்றி, மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். குளியல் சோப்பு வேண்டாம். நம் தோல் 5 அளவிலான பி.எச். கொண்ட லேசான அமிலத்தன்மை உடையது. சாதாரண சோப்பு 9, 10 அளவில் காரத்தன்மை கொண்டது. எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா தேய்ப்பதும் தோலைப் புண்ணாக்கும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இமை வீக்கம், கொப்புளம், நீர் வடிதல், கழுவிய பின்னும் அடங்காத எரிச்சல், பார்வை மங்கல், புதிதாக வரும் வெள்ளை அல்லது கருந்திட்டு ஆகியவை இருந்தால் தாமதிக்காதீர்கள். உதடும் நாக்கும் வீங்கி மூச்சுத் திணறினால் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். பயன்படுத்திய பொருள்கள் எல்லாவற்றையும் பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு.

முதன்முதலாக வாங்கப் போகிறீர்களா? பட்டியலை இப்படி எழுதுங்கள்: ரிமூவர், ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். மிச்சம் இருக்கும் பணத்தில் ஒரு ஃபவுண்டேஷனும் ஒரு லிப்ஸ்டிக்கும் போதும். எவ்வளவு களைப்பாக வந்தாலும் மேக்கப்போடு தூங்காதீர்கள்.