ஜீப்பு இருக்கு... புக்கு இருக்கா?

பாஸ், பாக்கெட்ல கொஞ்சம் காசு, மனசுல நிறைய கொழுப்பு, கூட மூணு ஃப்ரெண்ட்ஸ்... இது போதும், எங்கேயாவது ஒரு பழைய ஜீப் உங்க கண்ல பட்டே தீரும்!

எங்களுக்குப் பட்ட இடம், கனகம்மாசத்திரம். திருவள்ளூர் தாண்டி திருத்தணி போற ரூட்ல, ஒரு பட்டறைக்குப் பின்னாடி, சீட்டுக்கு நடுவுல செடி முளைச்சு நின்னுச்சு. ‘விலைக்கு’னு சாக்பீஸ்ல எழுதியிருந்தது. பக்கத்துல வந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி, ‘‘இன்னா தம்பி, ஓட்றதுக்கா... ஒடைக்கறதுக்கா?’’

அது மஹிந்திரா சி.ஜே.3பி. அதோட தாத்தா, ரெண்டாம் உலகப்போர்ல ஓடின வில்லிஸ் ஜீப். வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல செஞ்சு தள்ளினாங்க. போருக்கு அப்புறம் வில்லிஸோட கைகோத்து, நம்ம ஊர்லயே ஜீப் சேர்க்க ஆரம்பிச்சது மஹிந்திரா. 1953-ல வில்லிஸ் ஒரு புது எஞ்சின் போட்டப்போ, அது உயரமா இருந்ததால பானெட்டையும் தூக்க வேண்டியதாப் போச்சு. அந்த ‘தூக்கின மூக்கு’தான் சி.ஜே.3பி-க்கு அடையாளம். அமெரிக்காவுல 1968-லயே நிறுத்திட்டாங்க. இங்கே அதுக்கப்புறமும் பல வருஷம் ஓடுச்சு.

சரி, நீங்களும் இப்படி ஒண்ணைப் பார்த்தா என்ன செய்யணும்?

தகரத்தைப் பார்த்து பயப்படாதீங்க. ஓட்டை விழுந்த பாடியை டிங்கரிங்ல சரி பண்ணிடலாம். குனிஞ்சு சேஸிஸைப் பாருங்க. சுத்தியலால மெதுவா தட்டினா ‘டங்’னு கேட்கணும், ‘பொத்’னு கேட்டா துரு உள்ளே போயிடுச்சு, கும்பிடு போட்டுட்டுக் கிளம்புங்க. எஞ்சினை கையால சுத்திப் பாருங்க. அசையவே இல்லைன்னா, உள்ளே ‘சீஸ்’ ஆகியிருக்கலாம். பார்ட்ஸ் கவலை வேணாம், புதுப்பேட்டை இருக்கு.

எங்க ஜீப், இதுல எல்லாம் பாஸ்! சேஸிஸ் நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சோம். புக்கோட அப்படியே ஒத்துப்போச்சு. 1972 மாடல். நாங்க விசில் அடிக்காத குறை.

ஏன்னா, 2021-ல வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டின வண்டியை ‘வின்டேஜ்’னு பதிவு பண்ணலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டின்னா பழைய நம்பரையே வெச்சுக்கலாம். ஆனா தினமும் காலேஜுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான். இன்னொரு கண்டிஷன்... வண்டி அசல் வடிவத்துலயே இருக்கணும்.

பானெட்டைத் தூக்கினோம். உள்ளே டீசல் எஞ்சின்! புக்குல பெட்ரோல்!

‘‘பெட்ரோல் கட்டுப்படியாகல தம்பி. அந்தக் காலத்துல எல்லாரும் மாத்தினாங்க’’னு தலையைச் சொறிஞ்சார் பெரியவர். உண்மைதான். ஆனா எஞ்சின் மாத்தினதை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அனுமதி வாங்கி, புக்குல ஏத்தியிருக்கணும். ஏத்தலைன்னா, எவ்வளவு பளபளன்னு பெயின்ட் அடிச்சாலும் அது ரோட்டுல இறங்க முடியாத ஷோகேஸ் பொம்மைதான். வின்டேஜ் கனவும் காலி.

இந்தப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. பார்டர் பக்கத்துலயே இருக்கறதால, ஆந்திரா நம்பர் வண்டியும் விலைக்கு வரும். அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு பண்ணி, வரியும் கட்டணும். ‘விலை கம்மி’னு பாயறதுக்கு முன்னாடி அதையும் கூட்டிப் பாருங்க.

நாலு பேரும் சேர்த்த 40,000 ரூபாய் பாக்கெட்லயேதான் இருக்கு. பெரியவர்கிட்ட மறைக்காம சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாம இருந்தவர், ‘‘இரும்பு விலைக்கு மூணு பேர் கேட்டுட்டாங்க, குடுக்கல. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நானே கேட்டுப் பாக்கறேன். நீங்க அடுத்த மாசம் வாங்க’’ன்னார்.

கிளம்பறதுக்கு முன்னாடி, சீட்டுக்கு நடுவுல இருந்த செடியை மட்டும் பிடுங்கிப் போட்டுட்டு வந்திருக்கோம். அடுத்த மாசம் போறோம்... முதல்ல புக்கு, அப்புறம்தான் ஜீப்பு!