தலையெழுத்தல்ல, தோழர்களே!

ஒரு மருத்துவர், நாட்டின் பிரதமருக்கு வேண்டுகோள் விடுக்கிறார். பட்டம் வேண்டும் என்று கேட்கவில்லை. பதவி வேண்டும் என்று கேட்கவில்லை. சம்பளத்தை உயர்த்துங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நோயாளியின் அருகே நின்று பணியாற்றும் எங்களுக்கு உடலை மூடக் கவச உடை கொடுங்கள். எனக்கு மட்டுமல்ல, மருத்துவமனையில் உழைக்கும் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள் — இவ்வளவுதான் அவர் கேட்டது!

ஆண்டு 2020. மார்ச்சுத் திங்கள். நாடு, இங்கிலாந்து! சூரியன் மறையாத சாம்ராச்சியம் என்று ஒரு காலத்தில் மார்தட்டிய அதே இங்கிலாந்து! கேட்டவர், வங்கதேச வழிவந்த மருத்துவர் அப்துல் மாபுத் சௌத்ரி. மூன்று வாரம் சென்றது. ஏப்ரல் 8ஆம் நாள், கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று.

அந்த வாரத்தில்தான் பிரதமர் போரிஸ் ஜான்சனும் அதே நோயால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். உடனே கிளம்பினர் வியாக்கியானக்காரர்கள். "பார்த்தீர்களா! கிருமிக்கு அரசனும் ஒன்று, ஆண்டியும் ஒன்று! பிரதமரையும் பிடிக்கிறது, பெருக்குபவரையும் பிடிக்கிறது. எல்லாம் அவரவர் தலையெழுத்து!" என்றனர்.

தலையெழுத்து! கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சொல். உழுபவன் பட்டினி கிடந்தால் தலையெழுத்து. நெய்பவன் கந்தல் உடுத்தினால் தலையெழுத்து. நோய் தீர்க்க நின்றவர் நோயால் மாண்டால் அதுவும் தலையெழுத்து! எழுதிய கை எது என்று கேட்பதே நமது இயக்கம் நமக்குக் கற்றுத்தந்த பாடம். ஆகவே, இங்கும் கேட்கிறோம்.

கிருமிக்குச் சாதி தெரியாது, மெய். நிறம் தெரியாது; மெய். படிப்பும் பணமும் தெரியாது. முழுக்க முழுக்க மெய். ஆனால், தோழர்களே, மருத்துவமனைக்கு இவை அத்தனையும் தெரியும்! யாருக்கு நல்ல முகமூடி, யாருக்கு மெல்லிய துணி, யாருக்கு ஓய்வு, யாருக்கு இரட்டை வேலை என்று முடிவு கட்டியது கிருமியல்ல, மனிதன்.

முதலில் சீனத்து ஊகான் நகருக்குச் செல்வோம். நோய் தலைகாட்டிய ஊர் அது. 2020 சனவரியில் அங்குள்ள சோங்னான் மருத்துவமனையில் படுத்திருந்த 138 கொரோனா நோயாளிகளைப் பற்றி அம்மருத்துவர்களே எழுதிய அறிக்கை உலகெங்கும் படிக்கப்பட்டது. அந்த 138 பேரில் 40 பேர் யார் தெரியுமா? அங்கு பணியாற்றியோரே! காப்பாற்ற வந்தவர்களே கட்டிலில் கிடந்தனர்.

அந்த 40 பேரும் எந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்கள்? மூச்சுத் திணறும் நோயாளியின் தொண்டையிலே குழாய் செலுத்தும் தீவிர சிகிச்சைப் பிரிவிலே என்றுதானே எவரும் எண்ணுவர்? அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் வெறும் 2 பேர். அவசர சிகிச்சைப் பிரிவினர் 7 பேர். மற்ற 31 பேரும் சாதாரணப் பொது வார்டுகளில் பணியாற்றியவர்கள்! வயிற்றுக் கோளாறு என்று அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஒருவரைச் சேர்த்தனர். அவருக்குக் கொரோனா இருப்பது எவருக்கும் தெரியாது. அந்த ஒருவரிடமிருந்து மட்டும் அங்கு பணியாற்றிய பத்துப் பேருக்கு மேல் நோய் தொற்றியிருக்க வேண்டும் என்று கண்டனர்.

புலி உலவும் காட்டிலே துப்பாக்கியோடு போனவன் திரும்பி வந்தான். புலி இல்லை என்று நம்பி வெறுங்கையோடு போனவன் பலியானான். இதுதான் ஊகான் கற்பித்த முதற் பாடம்.

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். 2020 ஏப்ரல் கடைசியில், பர்மிங்காம் நகரத்து மருத்துவமனைகளில் நோய்க்குறி ஏதுமின்றி வேலைக்கு வந்திருந்த ஊழியர்களின் இரத்தத்தைச் சோதித்தனர். எத்தனை பேருக்கு ஏற்கெனவே நோய் வந்து போயிருக்கிறது என்று அறிவதே நோக்கம். மொத்தத்தில் நூற்றுக்கு 24 பேருக்கு வந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நூற்றுக்கு 15 பேருக்கும் குறைவு. எல்லோரையும்விட மிகுதியாக, நூற்றுக்கு 34 பேருக்கு மேல் தொற்றியிருந்தது எந்தப் பிரிவினருக்கு? தரையைத் துடைப்போருக்கு! கழிவறை கழுவுவோருக்கு! குப்பையை அள்ளுவோருக்கு!

ஒரு சிறு கூட்டத்தைச் சோதித்த கணக்குத்தானே என்று தள்ளிவிட எண்ணுவோரை ஆக்ஸ்போர்டுக்கு அழைக்கிறோம். அங்கு சோதிக்கப்பட்ட மருத்துவமனை ஊழியர் பத்தாயிரம் பேர். மொத்தத்தில் நூற்றுக்கு 11 பேருக்கு நோய் வந்ததற்கான சான்று இருந்தது. நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுசெல்வோருக்கும் துப்புரவு செய்வோருக்கும் நூற்றுக்கு 18 பேருக்கு மேல்! ஊர் வேறு, கணக்கு வேறு, கதை ஒன்றுதான்.

ஏன் இப்படி? மர்மம் ஏதுமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலே ஆபத்து உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அங்கு முகத்தோடு இறுகப் பொருந்தும் உயர்ந்த ரக முகமூடி, மேலங்கி, கண்ணாடி. காற்று அடிக்கடி மாறும் அறை. அங்கு வந்து சேரும் நோயாளிக்கும் நோய் கண்டு பல நாள் ஆகியிருக்கும். பரப்பும் வேகம் தணிந்திருக்கும். பொது வார்டிலோ, நேற்று வந்தவர், இன்று இருமுகிறவர், பரப்பும் வேகம் உச்சத்தில் உள்ளவர். அங்கு பணியாற்றியவருக்குக் கிடைத்தது, அறுவை மருத்துவர் அணியும் மெல்லிய முகமூடி. இருமலிலும் பேச்சிலும் மூச்சிலும் கிளம்பும் நுண்துளி காற்றிலே மிதக்கும். கன்னத்தோரம் இடைவெளி விட்டு நிற்கும் மெல்லிய முகமூடி அதை முழுதும் தடுக்காது.

துடைப்பம் ஏந்தியவரோ ஒரு வார்டோடு நிற்பதில்லை. இந்த வார்டைப் பெருக்கி அடுத்த வார்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த வார்டுக்கு. வேலை முடிந்தால் நெரிசலான பேருந்து. பேருந்தை விட்டு இறங்கினால் நெரிசலான வீடு. வீட்டிலே ஒருவருக்குக் கண்டால் மற்றவருக்கும் காணும். ஆபத்து மருத்துவமனைச் சுவரோடு முடிந்துவிடவில்லை. வறுமை அதற்கு வழிகாட்டி அழைத்துச் சென்றது.

களைப்பும் ஒரு காரணம். ஊகானில் ஒரு மருத்துவமனையின் ஊழியர் 72 பேரை ஆராய்ந்தபோது, நீண்ட நேரம் வேலை பார்த்தவருக்கும், நோயாளியைத் தொட்டபின் கையைச் சரிவரக் கழுவாதவருக்கும் ஆபத்து மிகுந்திருந்தது தெரிந்தது. கை கழுவவில்லையே, அவர் குற்றந்தானே என்று கூறும் கனவானை ஒன்று கேட்கிறோம்: ஒருவரே பல பேருடைய வேலையைச் செய்யும்போது, கை கழுவும் நேரத்தைத் திருடியது யார்?

இனிப் பிறப்பைப் பற்றிப் பேசுவோம். 2020 ஏப்ரலில், பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையில் கொரோனாவால் மாண்ட 106 ஊழியர்களின் விவரத்தை மருத்துவர் சிலர் தொகுத்தனர். அத்துறையிலே வேலை பார்ப்போரில் வெள்ளையரல்லாதார் நூற்றுக்கு 21 பேர். மாண்டவர்களிலோ நூற்றுக்கு 63 பேர்! மருத்துவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் கொடுமை: பணியிலே நூற்றுக்கு 44 பேர், பல் மருத்துவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட சாவிலே நூற்றுக்கு 94 பேர்! இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்பிரிக்கா என்று எங்கெங்கிருந்தோ கடல் கடந்து சென்று அந்நாட்டாரின் உயிரைக் காத்தவர்கள், அவர்தம் மக்கள். நோயாளிக்கு மிக அருகே நின்று தொண்டையிலே குழாய் செலுத்தும் மயக்க மருத்துவரோ, தீவிர சிகிச்சை மருத்துவரோ அந்தப் பட்டியலில் ஒருவர்கூட இல்லை என்பதையும் அவர்களே குறித்தார்கள்.

கருத்த தோலுக்குக் கிருமியிடம் தனிக் காதலா? இல்லை. வயதும் வேறு நோய்களும் ஓரளவு காரணமாயிருக்கலாம். ஆனால், போதிய கவசமின்றி நோயாளியைப் பார்க்கும்படி நெருக்கப்பட்டோம் என்று சொன்னவர்கள் வெள்ளை மருத்துவரைவிட மற்ற மருத்துவரிடையே ஏறத்தாழ இரு மடங்கு என்று அந்நாட்டு மருத்துவர் சங்கம் கண்டதே, அது என்ன? பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஒரு இலட்சம் மருத்துவ ஊழியர்களை ஆராய்ந்தவர்கள், பொதுமக்களைவிட இவர்களுக்குத் தொற்று மூன்று மடங்குக்கு மேல் என்றனர்; அணிந்ததையே மீண்டும் அணிந்தவருக்கும், போதிய கவசம் பெறாதவருக்கும் ஆபத்து மேலும் மிகுதி என்றனர்; அப்படிப் பழைய கவசம் வாய்த்தவர்களில் வெள்ளையரல்லாதார் விகிதம் கூடுதல் என்றும் கண்டனர். மனு எழுதாத நாட்டிலும் வருணம் வேலை செய்தது, தோழர்களே!

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு! இல்லையென்றால் நாம் எழுதமாட்டோம்; ஒப்பாரி பாட நமது ஏடு தேவையில்லை.

கேம்பிரிட்ஜ் நகரத்து ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையைப் பாருங்கள். கொரோனா வார்டில் பணியாற்றியோருக்கு மற்ற வார்டினரைவிடப் பல மடங்கு தொற்றிக்கொண்டிருந்தது. 2020 டிசம்பரில், மெல்லிய முகமூடியை அகற்றி, இறுகப் பொருந்தும் உயர்ந்த ரக முகமூடியைக் கொரோனா வார்டிலுள்ள எல்லோருக்கும் கொடுத்தனர். அடுத்த சில வாரங்களிலேயே கொரோனா வார்டினரின் ஆபத்து மற்றவர் அளவுக்கு இறங்கிவிட்டது! யாகம் செய்யவில்லை; நேர்த்திக்கடன் கழிக்கவில்லை. முகமூடியை மாற்றினர், தலையெழுத்து மாறிற்று!

இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களைப் பாருங்கள். 2020இல் எடுத்த கணக்கு: நோயுற்று வீட்டிலிருக்கும் ஊழியருக்குச் சம்பளம் கொடுத்த இல்லங்களில் முதியோருக்குத் தொற்று குறைவு. ஏஜென்சி மூலம் அன்றாடம் ஆள் பிடித்த இல்லங்களில் தொற்று மிகுதி. காரணம் விளங்கவில்லையா? வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையில், காய்ச்சலோடும் வருவான் தொழிலாளி. சம்பளத்தோடு விடுப்பு என்பது தொழிலாளிக்குப் போடும் பிச்சையல்ல. நோயாளிக்கு இடும் காப்பு!

இவையெல்லாம் முன்னரே தெரியாதா? தெரியும்! 2003இல் சார்ஸ் என்ற நோய் வந்தபோது, கனடாவின் டொரண்டோ வட்டாரத்தில் செவிலியர் இருவரும் மருத்துவர் ஒருவரும் மாண்டனர். விசாரித்த நீதிபதி ஆர்ச்சி காம்ப்பெல், ஆபத்து உறுதியாக நிரூபிக்கப்படும்வரை காத்திராதீர்கள், முதலில் ஊழியரைக் காப்பாற்றுங்கள் என்று தீர்க்கமாக எழுதிவைத்தார். அறிக்கை அச்சேறியது, அலமாரி ஏறியது, தூசி ஏறியது. 2020 சனவரியிலிருந்து 2021 மே வரை உலகெங்கும் மாண்ட மருத்துவ ஊழியர், எண்பதாயிரத்திலிருந்து ஒரு இலட்சத்து எண்பதாயிரம் பேர் வரை இருக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சரியான எண்ணிக்கைகூட இல்லை! செத்தவர்களைக் கணக்கெடுக்கவும் நாதியில்லாத சேவை!

2023 மே மாதத்தில் உலக அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தார்கள். கைதட்டினோம், விளக்கேற்றினோம், முன்களப் பணியாளர் என்று முழங்கினோம். முழக்கம் மூக்கை மூடாது, தோழர்களே!

நம் ஊர் மருத்துவமனைக்கு ஒரு நாள் செல்லுங்கள். வார்டைத் துடைக்கும் அம்மாவைப் பாருங்கள். பலர் காண்டிராக்டில் வேலை பார்ப்பவர்கள். கேளுங்கள்: அம்மா, காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டா? டாக்டர் அணியும் முகமூடி உங்களுக்கும் உண்டா? இந்த அறையில் நோயாளிக்கு என்ன நோய் என்று உங்களுக்குச் சொல்வார்களா? அவர் கூறும் விடையை எழுதிக்கொள்ளுங்கள். சங்கத்திலே பேசுங்கள், மன்றத்திலே பேசுங்கள், ஆட்சி எவருடையதாயினும் அதன் செவியிலே ஏறும்வரை பேசுங்கள். நமது ஆட்சியென்றால் இன்னும் உரக்கப் பேசுங்கள், உரிமையோடு பேசலாம்!

அடுத்த நோய் எந்நாள் வரும் என்று எவரும் அறியார். ஆனால் வரும் நாளில் யார் முதலில் சாய்வார் என்பது இன்றே எழுதப்படுகிறது, காண்டிராக்ட் தாளிலே, சம்பளப் பட்டியலிலே, முகமூடி வாங்கும் கணக்கிலே. தலையிலே எழுதியதாக நம்பினால் அழத்தான் முடியும். தாளிலே எழுதியதுதானே இது! திருத்தி எழுதுவோம்.