எரிந்த மோட்டாருக்கு உயிர் கொடுக்கும் கைகள்!

கம்பம் பள்ளத்தாக்கில் கோழி கூவுவதற்கு முன்பே கூவுவது ஒன்று உண்டு. அதுதான் பம்புசெட் மோட்டார்! கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று தேனி வரைக்கும் தோட்டத்துக் கிணறுகளில் அதன் ரீங்காரம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிற வரையில் விவசாயி அதை நினைப்பதே இல்லை. சத்தம் நின்றால்தான் அவர் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்குகிறது.

"காயில் போய்விட்டது!"

இந்த இரண்டு வார்த்தைகள் போதும், வீட்டில் அன்று சோறு இறங்காது. பிஞ்சு பிடித்த திராட்சைக் கொடிக்கும், குலை தள்ளிய வாழைக்கும், "மோட்டார் ரிப்பேர், நாலு நாள் பொறுத்துக்கொள்" என்று சொன்னால் புரியுமா? மோட்டாரைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, காயில் கட்டும் பட்டறைக்கு ஓடவேண்டியதுதான்.

தண்ணீரும் மின்சாரமும்

இந்தப் பள்ளத்தாக்குக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு வேடிக்கையானது. 1895-இல் கர்னல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வந்தது. முதலில் அது வயலுக்கு மட்டுமே பயன்பட்டது. 1958-இல் லோயர்கேம்ப்பில் மின்நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு, அதே தண்ணீர் மலையிலிருந்து இறங்கும்போதே யந்திரத்தைச் சுழற்றி மின்சாரமும் கொடுத்தது.

ஆனால் ஆற்றுத் தண்ணீர் எல்லா நிலத்துக்கும் எட்டாது. மேட்டு நிலத்துக்குக் கிணறுதான் கதி. ஒரு காலத்தில் மாடு பூட்டிக் கமலை இறைத்தார்கள். அந்தக் கமலையை ஓய்வெடுக்கச் செய்தது மின்சார மோட்டார்.

அந்த மோட்டாரைத் தமிழ்நாட்டிலேயே செய்துகாட்டிய பெருமை கோவைக்கு உரியது. பைக்காரா மின்சாரம் 1932-இல் வந்தது. 1937-இல் பீளமேட்டில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டு மோட்டாரை உருவாக்கினார்கள். பிறகு கோவை, பம்புசெட்டுகளின் ஊராகவே ஆகிவிட்டது.

மோட்டாரைச் செய்வது கோவை. எரிந்துபோனால் மறுபடி உயிர் கொடுப்பது உள்ளூர்ப் பட்டறை!

கருகிய காயில் பேசும்

பட்டறைக்கு வந்த மோட்டாரைத் திறந்ததும், காயில் கட்டுகிறவர் உடனே கம்பியை வெட்டிவிடுவதில்லை. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் முதலில் உற்றுப் பார்க்கிறார்.

காயில் முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால், சுமை அதிகமாகியிருக்கலாம், அல்லது வோல்டேஜ் குறைந்திருக்கலாம். ஸ்டார் முறையில் இணைத்த மோட்டாரில் இரண்டு பேஸ் காயில்கள் கருகி, மூன்றாவது மட்டும் புதுச் செம்பாக மின்னினால், ஒரு பியூஸ் போனது தெரியாமல் மோட்டார் ஓடியிருக்கிறது என்று பொருள். டெல்டா முறையில் இணைத்ததானால் ஒரு பேஸ் காயில் மட்டும் கருகியிருக்கும். இரும்பின் உட்புறம் உரசிய தடம் இருந்தால் குற்றவாளி பேரிங்!

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் காயிலை மட்டும் மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? அதே மோட்டார் அடுத்த மாதமே திரும்பி வரும்.

பிறகுதான் கணக்கு. ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்குப் போகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்கிறார். பழைய கம்பியை எடுக்க இரும்பைக் கண்டபடி நெருப்பில் போட்டால், அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையே உள்ள பூச்சு கெட்டுவிடும். பிறகு புதுக் காயில் கட்டினாலும் மோட்டார் சும்மா ஓடும்போதே சூடாகும். நிதானமாக எடுத்து, காடியைச் சுத்தம் செய்து, புதிய காகிதம் வைத்து, எண்ணி எண்ணிச் சுற்றிய காயிலை விரலால் இறக்கி, கட்டி, வார்னிஷ் ஊற்றி உலர்த்துகிறார்.

55 அடிப் பந்தயம்

இதே வேலையை விளையாட்டுக்காகச் செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும்!

மேல்நாடுகளில் பொம்மைக் கார்ப் பந்தயம் ஒன்று நடக்கிறது. தடத்தில் ஒரு காடி. அதில் மின்சாரம் வாங்கி உள்ளங்கை அளவுக் கார் ஓடும். 1957-இல் இங்கிலாந்தில் கடைக்கு வந்த இந்த விளையாட்டு, 1960-களில் அமெரிக்காவில் பைத்தியமாகவே பரவியது. அதில் ஒரு வகை, நேர்கோட்டுப் பந்தயம். கால் மைல் தூரத்தை 24-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 55 அடி. அந்த 55 அடியைத் தேர்ந்த கார்கள் ஒரு விநாடிக்குள் கடந்துவிடுகின்றன!

அதற்கு வேண்டிய மோட்டாரை ஆர்வலர்கள் தாங்களே கட்டுகிறார்கள். சுற்றைக் குறைத்துக் கம்பியைத் தடிப்பாக்கினால் வேகம் கூடும். பந்தய மோட்டார்களில் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டுவதும் உண்டு. அந்த வேகத்தில் எடை ஒரு பக்கம் இம்மி கூடினாலும் ஆட்டம் காணும். ஆகவே நகைக்கடைத் தராசு போல் சமன் பார்க்கிறார்கள். வேகம் கூடினால் சூடும் கூடும். ஆனால் அவர்களுக்கு என்ன கவலை? ஒரு விநாடி தாங்கினால் போதும். எரிந்தால் இன்னொன்று கட்டிக்கொள்வார்கள்.

கம்பம் பட்டறைக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் கட்டிய மோட்டார் வேகமாக ஓடினால் யாரும் கை தட்டுவதில்லை. பல கோடை தாண்டி ஓடவேண்டும். அதுதான் அவருடைய பந்தயம்!

பத்துக்குப் பின்னால் பத்தொன்பது

இங்கேதான் நாணயம் சோதிக்கப்படுகிறது. கம்பி சற்று மெல்லியதாக இருந்தால் காடியில் சுலபமாக இறங்கும், செம்பும் மிச்சம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கம்பியின் விட்டத்தில் நூற்றுக்கு 10 குறைந்தால், செம்பு 19 பங்கு குறைகிறது. அதே கரண்ட் ஓடும்போது அந்தக் கம்பியில் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 23 பங்கு கூடுகிறது. அளவுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியசுக்கும், காயிலைக் காக்கும் பூச்சின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மோட்டார்த் தொழிலின் பாலபாடம்.

வோல்டேஜ் கணக்கும் அப்படித்தான். வோல்டேஜ் நூற்றுக்கு 10 குறைந்தால் மோட்டாரின் இழுவை 19 குறைகிறது. தண்ணீரின் பாரம் குறைவதில்லை. எனவே மோட்டார் கரண்டை அதிகம் இழுத்துச் சூடாகிறது. மெல்லிய கம்பியும் குறைந்த வோல்டேஜும் ஒன்று சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். விவசாயிக்கு அது பெரிய உதவி. ஆனால் மோட்டார் வீணாகக் கரண்ட் குடிக்கிறது என்று எச்சரிக்க மாதாமாதம் பில் வராது. தொட்டுப் பார்த்தால் சுடுகிறதே, அந்தச் சூடுதான் பில்!

மோட்டாரைத் திரும்ப வாங்கும்போது விவசாயி மூன்று கேள்வி கேட்கலாம். பழைய கேஜ்தானா? பழைய சுற்றுதானா? எரிந்ததற்குக் காரணம் என்ன? நல்ல தொழிலாளி இவற்றுக்கு முகம் சுளிக்கமாட்டார். நோட்டைத் திறந்து காட்டுவார். டாங் டெஸ்டரை மாட்டி, மூன்று பேஸிலும் கரண்ட் ஏறக்குறைய ஒரே அளவாக ஓடுவதையும் காட்டுவார்.

பிறகு மோட்டார் கிணற்றுக்குத் திரும்புகிறது. ஸ்டார்ட்டரை அழுத்துகிறார்கள். ஒரு உறுமல், குழாயில் காற்றுச் சத்தம், அப்புறம் தொட்டியில் தண்ணீர் குபுகுபுவென்று விழுகிறது. வாய்க்காலில் ஓடி, வாடிய கொடியின் அடியை அது தொடும்போது, பட்டறையில் எண்ணிச் சுற்றிய கம்பியை யாரும் நினைப்பதில்லை.

நினைக்காமல் இருக்கிறார்கள் என்றால், வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்!