வைக்கோலில் பூட்டிய சர்க்கரை



பனையிலிருந்து பதநீர் இறக்குவோர் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவது ஏன் என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? சுண்ணாம்பு தடவாத கலயத்தில் வடியும் சாறு, பொழுது விடிவதற்குள் நுரைத்துப் பொங்கிக் கள்ளாகிவிடும். இம்மாற்றத்தில் முதலிடம் பெறுவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். அது காளான் இனத்தைச் சேர்ந்தது. சர்க்கரையை உண்டு, எத்தனால் என்னும் சாராயத்தையும் கரியமில வாயுவையும் அது வெளிவிடுகிறது. 180 கிராம் குளுக்கோஸிலிருந்து 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும் என்பது இரசாயனக் கணக்கு. ஈஸ்டை அரைத்துப் பிழிந்த சாறுகூட இவ்வேலையைச் செய்யும் என்று 1897இல் ஜெர்மானிய அறிஞர் எட்வர்ட் புக்னர் கண்டார். 1907இல் நோபெல் பரிசு பெற்றார். அச்சாற்றில் இருந்து வேலை செய்பவற்றையே நாம் நொதிகள் என்கிறோம்.

எத்தனாலைக் காய்ச்சி வடித்து, நீரை அறவே நீக்கிவிட்டால், அதைப் பெட்ரோலுடன் கலந்து எரிக்கலாம். எங்கள் வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் செல்லும் சாலையில், ஒரகடத்தில், கார் செய்யும் பெரிய ஆலைகள் உள்ளன. அங்கிருந்து வெளிவரும் பெட்ரோல் காருக்கும் இச்செய்தி தொடர்புடையதே. 2003இல் நம் நாட்டில் தொடங்கிய எத்தனால் கலப்பு, 2025இல் ஐந்தில் ஒரு பங்கை எட்டியது.

இவ்வளவு எத்தனாலும் எதிலிருந்து வருகிறது? பெரும்பாலும் கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து. உலைக்குப் போக வேண்டிய அரிசி வண்டிக்குப் போகலாமா என்ற கேள்வி இங்கே எழுகிறது. விடை தேடுவோரின் பார்வை வைக்கோலின்மேல் விழுந்தது.

வகுப்பில் நான் கேட்பதுண்டு: “அரிசியும் வைக்கோலும் ஒரே பயிரில் விளைந்தவை. அரிசி நமக்குச் செரிக்கிறது; வைக்கோல் செரிக்கவில்லை. ஏன்?” இரண்டிலும் குளுக்கோஸ் சங்கிலிகளே உள்ளன. ஆனால் கண்ணிகள் பிணைந்திருக்கும் முறை வேறு. அரிசியின் மாவுப்பொருளை அவிழ்க்கும் நொதி நம் உமிழ்நீரிலேயே உண்டு. வைக்கோலின் செல்லுலோஸை அவிழ்க்கும் நொதி நம்மிடம் இல்லை. மாட்டிடமும் இல்லை, அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன. ஈஸ்டும் நம்மைப் போன்றதே. பூட்டைத் திறந்து கொடுத்தால்தான் உண்ணும்.

சாவி எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில், சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் மட்கிப் போயின. பருத்தியும் செல்லுலோஸே. அதை அரித்த பூஞ்சையை ஆராய்ந்தவர் எல்வின் ரீஸ். அவர் பெயரால் அது டிரைகோடெர்மா ரீசி எனப்படுகிறது. இன்று ஆலைகளில் வைக்கோலை முதலில் வெப்பத்தாலும் அமிலத்தாலும் பதப்படுத்தி இளக்குவர். பின்னர் இத்தகைய பூஞ்சையின் நொதிகளைச் சேர்த்துச் சர்க்கரையாக்குவர். அதன் பிறகே ஈஸ்டிடம் விடுவர். ஆயினும் வைக்கோலிலுள்ள சைலோஸ் என்னும் மற்றொரு சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் நொதிக்க வைக்காது. அதையும் நொதிக்க வைக்கும் ஈஸ்டை 1990களில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ என்ற அம்மையார் உருவாக்கினார்.

அரியானாவின் பானிப்பட்டில், இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த வைக்கோல் எத்தனால் ஆலை 10-8-2022 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம். டன்னுக்கு 150 லிட்டர் ஆகிறது அல்லவா? பூட்டைத் திறக்கும் செலவு மிகுதி என்பதால்தான் இத்தகைய ஆலைகள் பெருகவில்லை.

பானிப்பட்டைச் சுற்றிலும், கோதுமை விதைக்க நாள் குறைவென்று நெல்லின் தாளை வயலிலேயே கொளுத்தும் வழக்கம் உண்டு. புகை தில்லிவரை சூழும். எங்கள் பாலாற்றுப் பக்கத்திலோ வைக்கோல் போர் மாட்டுக்குத் தீனி. அதைப் பறித்து ஆலைக்கு அனுப்பினால் பால் குறையும். ஆகவே எரித்து வீணாக்குவதை எரிபொருளாக்குவோம். உண்ணப்படுவதை உண்பவர்க்கே விடுவோம். குறைந்த செலவில் அப்பூட்டைத் திறக்கும் வழியை உங்களுள் ஒருவர் காண வேண்டும் என்பதே என் அவா.