கொல்லிப்பாவையின் மௌனம்



நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையை நீங்கள் அறிவீர்கள். 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலைமேல் சென்றால், அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாயகங்கை அருவியையும் காணலாம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அம்மலையில் தெய்வம் அமைத்த அழகிய பாவை ஒன்று உண்டு என்று சங்கப் புலவர்கள் பாடினர். கண்டாரைத் தன் நகையால் மயக்கி உயிர் கொள்ளும் பாவை அது என்பது வழிவழியாக வரும் கதை. மலைமேல் கோயில் கொண்டுள்ள எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவை என்று வணங்குவாரும் உளர்.

இப்பாவை நகைக்கும், பேசாது. அந்த மௌனத்தைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நற்றிணையின் 201-ஆம் பாட்டைப் பாடியவர் பரணர். குறவர் மகள் ஒருத்தியிடம் காதல் கொண்ட தலைவனைப் பாங்கன் இடித்துரைக்கிறான். தலைவன் விடை கூறுகிறான். காற்று மோதினாலும், மழை விரைந்து பொழிந்தாலும், இடி சினந்து விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் தன் அழகிய உருவம் கெடாத கொல்லிப்பாவையைப் போல, அவள் தன் நெஞ்சைவிட்டு நீங்காள் என்கிறான். சிறந்த உவமைதான். தமிழாசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் 30 ஆண்டுகளுக்கு மேல் இவ்வுவமையை வியந்து பாடம் சொன்னேன். தேர்விலும் ‘உவமை நயத்தை விளக்குக’ என்றே கேட்டேன். அந்தக் குறமகள் என்ன எண்ணினாள் என்று ஒருநாளும் கேட்டேன் அல்லேன்.

பெண்ணியத் திறனாய்வு என்று இன்று வழங்கும் முறை எளிய ஒரு வினாவிலிருந்து தொடங்குகிறது. இங்கே பேசுபவர் யார்? பேசப்படுபவர் யார்? மேற்சொன்ன பாட்டில் பேசுவோர் இரண்டு ஆடவர். பேசப்படுபவள் ஒரு பெண். அவள் இசைந்தாளா, மறுத்தாளா என்பது நமக்குத் தெரியாது. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் தானே எடுத்துரைத்தல் இல்லை என்று தொல்காப்பியக் களவியலும் விதிக்கிறது. விதி செய்து காக்க வேண்டியதொன்றைப் பெண்ணின் இயற்கை என்று நாம் எவ்வாறு கொள்வது?

இனி, அதே பரணர் பாடிய குறுந்தொகை 89-ஆம் பாட்டைப் பாருங்கள். பெண்கள் உரலில் குற்றும்போது பாடும் வள்ளைப்பாட்டு அதில் வருகிறது. ஒருத்தி பாடிக்கொண்டே குற்றுகிறாள். அதற்கும் ஊரார் அலர் தூற்றுகின்றனர். இந்தப் பேதை ஊருக்காக வருந்துவது எதற்கு என்கிறாள் தோழி. பாடியவள் யாரைப் போன்றவள் தெரியுமா? கொல்லிப்பாவையைப் போன்றவள்!

புலவர் ஒருவரே, உவமையும் ஒன்றே. ஆடவன் உரைத்தபோது அசையாது நின்ற பாவை, தோழி உரைக்கும்போது கையில் உலக்கையுடன் பாடுகிறாள். அவள் முன்னும் ஊமையாய் இருந்தவள் அல்லள். கேட்பதற்கு ஆள் இல்லாதிருந்தது. கேட்டபோதும் ஊர் பழித்தது.

இதனை நான் காலம் கடந்தே உணர்ந்தேன். நன்கு பயின்ற மாணவி ஒருத்தியின் படிப்பை நிறுத்தித் திருமணம் செய்விக்க, அவள் தந்தையார் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். அவள் வாயிற்படியருகே தலைகுனிந்து நின்றாள். ‘உனக்குச் சம்மதமா, அம்மா?’ என்று நான் கேட்கவில்லை. நடத்தை என்னும் இடத்தில் ‘மிக்க அடக்கமுடையவள்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பாராட்டாக எண்ணியே எழுதினேன். இன்று அச்சொல் என்னைச் சுடுகிறது.

ஆகவே மாணவர்களே, பழம்பாட்டாயினும் புதிய நாவலாயினும், அதில் பேசாது நிற்கும் பெண்ணின் பக்கம் நின்று மறுமுறை படியுங்கள். நூலின் சுவை அதனால் குறையாது; பரணரின் பெருமை என் உள்ளத்தில் வளர்ந்ததே அன்றிக் குறையவில்லை. நூலை மூடிய பின், உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் பேசாதிருப்பவர் யாரென்று பார்த்து, அவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.