குறுக்கு வழி யாருக்கு?

“யந்திரம் பொய் சொல்லாது” என்று ஒரு புதுமொழி இன்று நாட்டிலே நடமாடுகிறது. ஊட்டிக்கு எத்தனை கிலோமீட்டர், ஏற்காட்டுக்கு எத்தனை கிலோமீட்டர், இராமேசுவரம் போய்க் கன்னியாகுமரி சுற்றி வீடு திரும்ப எத்தனை கிலோமீட்டர் என்று கைபேசியைத் தட்டினால், கண் மூடித் திறப்பதற்குள் கணக்கு வந்து நிற்கிறது. மைல் கல்லை எண்ணிக்கொண்டு போன காலம் மலையேறிவிட்டது. வாடகைக் காரில் சுற்றுலா புறப்படுகிறவர் அந்த எண்ணைக் காட்டுகிறார். “இவ்வளவுதான் தூரம்; இதற்கு மேல் ஒரு காசும் இல்லை” என்கிறார். ஓட்டுநர் ஏதேனும் சொல்ல வாயெடுத்தால், “யந்திரம் பொய் சொல்லுமா?” என்ற ஒரே கேள்வியால் அவர் வாய் அடைக்கப்படுகிறது.

யந்திரம் பொய் சொல்லாது. ஒப்புக்கொள்கிறோம்! ஆனால் அது கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். கேட்காத கேள்விக்கு அது வாய் திறப்பதில்லை. ஆகவே நாம் கேட்கிறோம்: அந்தக் கேள்வியைக் கேட்டது யார்? யாருடைய நன்மைக்காகக் கேட்டது?

கணக்கு பிறந்த கதை

இந்த வித்தை எங்கே பிறந்தது என்பதைத் தோழர்கள் அறிந்துகொள்வது நல்லது. 1956ஆம் ஆண்டு. நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில், கணித ஆய்வு நிலையம் ஒன்றில் அர்மாக் என்ற புதிய கணிப்பொறியை உருவாக்கியிருந்தார்கள். அதன் ஆற்றலைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும். கணிதம் படிக்காதவருக்கும் விளங்கும் கேள்வியாக இருக்க வேண்டும். எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா என்ற இளம் அறிஞர் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்தார்: ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குப் போக மிகக் குறுகிய வழி எது?

மணமாகவிருந்த பெண்ணுடன் கடைவீதி சுற்றிக் களைத்து, ஒரு காப்பிக் கடையின் வாசலில் அமர்ந்திருந்தபோது, காகிதமும் பேனாவும் இல்லாமல், இருபதே நிமிடத்தில் அதற்கு வழி கண்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 64 நகரங்கள் கொண்ட சாலைப் படத்தை வைத்து அர்மாக் அந்த விடையைச் சொல்லிற்று. 1959இல் அந்த முறை அச்சேறியது. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் வரைபடங்களுக்கு மூலவித்து அதுதான்.

முறை கடினமானதல்ல. சென்னையிலிருந்து திருச்சி போக வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். புறப்படும் இடத்துக்கு மிக அருகில் உள்ள ஊரை முதலில் எடு. அதன் தூரத்தை உறுதி செய். அங்கிருந்து பிரியும் சாலைகளைப் பார்; ஒவ்வோர் ஊருக்கும் தூரத்தைக் கூட்டி எழுது. திண்டிவனம் வந்தால், ஒரு சாலை புதுச்சேரிக்குப் பிரியும்; ஒன்று விழுப்புரம் போகும்; ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குத் திரும்பும். மூன்றையும் குறித்துக்கொள். முன்பு எழுதியதைவிடக் குறைந்த வழி பிறகு கிடைத்தால், பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுது. இப்படியே, மிச்சமிருப்பவற்றில் மிக அருகிலுள்ள ஊரை ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டே போனால் திருச்சி வந்துவிடும். மனிதன் செய்தால் ஒரு பொழுது ஆகும். கணிப்பொறி நொடியில் முடிக்கிறது.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கு இடையே எழுதப்படும் எண், தூரமாக இருந்தால் குறைந்த தூரம் விடையாக வரும். நேரமாக இருந்தால் குறைந்த நேரம் வரும். சுங்கக் கட்டணத்தை எழுதினால், குறைந்த செலவு வரும். எந்த எண்ணை எழுதுவது என்பதை யந்திரம் தீர்மானிப்பதில்லை, மனிதன் தீர்மானிக்கிறான். அங்கேதான் அரசியல் பிறக்கிறது!

1988இல் இங்கிலாந்தில் ‘ஆட்டோரூட்’ என்ற மென்பொருள் வெளிவந்தது. காரில் ஊர் சுற்றப் போகிறவர், புறப்படும் ஊரையும் போய்ச்சேரும் ஊரையும் தட்டினால், வழியையும் மைலையும் அச்சடித்தே எடுத்துக்கொள்ளலாம். அதிலேயே மிகக் குறுகிய வழி வேண்டுமா, மிக விரைவான வழி வேண்டுமா என்ற கேள்வி இருந்தது. அதாவது, “தூரம் என்ன?” என்ற கேள்விக்கு ஒரே விடை என்பது அன்றைக்கே இல்லை.

ஒரே யந்திரம், இரண்டு விடை

இது வெறும் வாதம் என்று எண்ணுகிறவர்கள் அமெரிக்க நாட்டைப் பார்க்கட்டும். அங்கே நெடுந்தூர லாரி ஓட்டுநர்களில் பலருக்குக் கூலி மணிக்கணக்கில் இல்லை, மைல் கணக்கில். அந்த மைலை வண்டியின் மீட்டர் சொல்வதில்லை, மென்பொருள் சொல்கிறது. வீடு மாற்றுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிச் செல்லக் கட்டணம் வகுப்பதற்கென ஒரு காலத்தில் மைல் அட்டவணை போட்டார்கள். அது குறுகிய வழிக் கணக்கு. அந்தக் கணக்கே நாளடைவில் ஓட்டுநரின் கூலிக்கும் அளவுகோலாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த நாட்டு லாரித் தொழிலில் பெயர்பெற்ற ‘பி.சி. மைலர்’ என்ற மென்பொருளிலே ‘குறுகிய வழி’ என்று ஒரு கணக்கு உண்டு; ‘நடைமுறை வழி’ என்று இன்னொரு கணக்கும் உண்டு. ஒரே யந்திரம், ஒரே இரண்டு ஊர்கள். விடை மட்டும் இரண்டு! முதலாளி எந்தப் பொத்தானை அழுத்துகிறாரோ, அதுதான் ஓட்டுநர் வீட்டு உலையில் விழும் அரிசி. அஞ்சல் குறியீட்டிலிருந்து அஞ்சல் குறியீட்டுக்கு மைல் போடுகிற இடங்களில், கிடங்கின் வாசல் வரை ஓட்டும் மிச்சத் தூரம் ஓட்டுநரின் கணக்கில் ‘தருமம்’ ஆகிவிடுகிறது. சரக்கை இறக்கக் காத்துக் கிடக்கும் மணிகளில் சக்கரம் சுற்றுவதில்லை. ஆகவே அவற்றுக்கு மைல் இல்லை. மைல் இல்லாததால் கூலியும் இல்லை. 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் நியாய அளவுச் சட்டத்தில் கூடுதல் நேரக் கூலி உரிமை எழுதப்பட்டபோது, மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் லாரி ஓட்டுநர்கள் அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே நிலை இது!

ஊட்டி மலையிலே ஒரு பாடம்

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். ஊட்டியைச் சுற்றிப் பார்த்தவர்கள் முதுமலைக் காட்டைப் பார்க்க மசினகுடிக்குப் போக விரும்புவார்கள். வழி இரண்டு. கல்லட்டி வழியே இறங்கினால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கூடலூர் சென்று தெப்பக்காடு வழியாகச் சுற்றினால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். குறுகிய வழி எது என்று கேட்டால் யந்திரம் கல்லட்டியைத்தான் காட்டும். கணக்கு சரிதான்.

ஆனால் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சுவர் போல் நிற்கும் சரிவு. கியரை இறக்கிப் பிடிக்கத் தெரியாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியவர்கள் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். உயிர்கள் போன பிறகு வெளியூர் வண்டிகளுக்கு அவ்வழியில் கட்டுப்பாடு வந்தது. மலை அறிந்த ஓட்டுநர் கூடலூர் வழியே சுற்றித்தான் வருவார். வண்டியில் இருக்கும் குழந்தைகளின் உயிருக்காக அவர் ஓட்டும் அந்த நாற்பதுக்கும் மேற்பட்ட கிலோமீட்டரை, “ஏமாற்றிச் சுற்றினாய்” என்று சொல்லிக் கூலியில் பிடித்தால் அது நியாயமா? கோடை விழாக் காலத்தில் குன்னூர் வழியே ஏறவும் கோத்தகிரி வழியே இறங்கவும் காவல்துறை ஒருவழிப்பாதை வகுக்கிறது. அந்தச் சுற்றையும் ஓட்டுநரா சுமப்பது?

‘ஷெட் டு ஷெட்’ என்ற சொல்லைக் கார் ஓட்டும் தோழர்கள் அறிவார்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அங்கே வந்து சேரும் வரை உள்ள தூரமே வண்டி ஓடிய தூரம். கைபேசியோ, ஏறியவரின் வீட்டு வாசலிலிருந்து மட்டுமே எண்ணுகிறது. ஆளை ஏற்றுவதற்காக வெறும் வண்டியாகப் போன தூரமும், இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் தூரமும் அதன் கண்ணில் படுவதில்லை. டீசல் மட்டும் அந்தத் தூரத்துக்கும் எரிகிறது!

வாடகைக்கு வண்டி எடுக்கிறவரை நாம் குறை கூறவில்லை. ஆண்டு முழுதும் மிச்சம் பிடித்து, பிள்ளைகளுக்கு ஒருமுறை மலையைக் காட்ட நினைக்கும் ஆலைத் தொழிலாளியும் ஆசிரியரும் நம்மவர்களே. தெரியாத கணக்கைக் காட்டி அவரிடம் அதிகம் பறித்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அதனால்தான் அவர் யந்திரத்தை நம்புகிறார். இரண்டு ஏழைகளை ஒருவர் மேல் ஒருவர் சந்தேகம் கொள்ள வைக்கும் கணக்குத்தான் நமக்குப் பகை.

யந்திரம் எண்ணாதவை

தூரத்தை எண்ணும் யந்திரம் தூக்கத்தை எண்ணுவதில்லை. இரவெல்லாம் ஓட்டி, விடியலில் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, வெயிலில் காருக்குள் சுருண்டு கிடக்கும் ஓட்டுநரை எந்த வரைபடமும் காட்டாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம் என்று பொது வரம்பு கட்டியது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களுக்கென்று எழுதப்பட்ட சட்டம் அது. தன் ஒற்றைக் காரைத் தானே ஓட்டிக் கடன் தவணை கட்டுகிறவர் அதன் நிழலுக்கு வெளியே நின்றார்.

கேட்டால் கிடைக்காதா? கிடைத்திருக்கிறது. சுற்றுலா வரும் வண்டிகளின் ஓட்டுநர்கள் தலைசாய்க்க இடமின்றித் தவிப்பதைக் கண்டு, 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விடுதிகளில் ஓட்டுநர்களுக்கு ஓய்விடம் வேண்டும் என்று வகுத்தது. அதே ஆண்டில் இணையவழித் தொழிலாளர்களுக்கென நல வாரியம் அமைந்தது. வாயில் திறந்திருக்கிறது. உள்ளே எடுத்துச் செல்ல வேண்டிய கோரிக்கையைத் தெளிவாக எழுதுவது நம் கடமை.

நம் இயக்கம் நடந்த வழி

குறுகிய வழியே சிறந்த வழி என்பவர்களுக்கு நம் வரலாற்றிலிருந்து ஒன்று சொல்வோம். 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் படை நடந்தது. குமாரசாமிப் பிள்ளை, பட்டுக்கோட்டை அழகிரிசாமி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஆகியோர் அதில் நடந்தார்கள். நேர்ச் சாலையில் திருச்சிக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ 200 மைல். நாளுக்குப் பதினைந்து மைல் நடந்தாலும் இரண்டு வாரத்தில் சேர்ந்துவிடலாம். ஆனால் ஆகஸ்டு 1இல் புறப்பட்ட படை செப்டம்பர் 11இல்தான் சென்னை சேர்ந்தது. 42 நாட்கள்! வழியில் 87 பொதுக்கூட்டங்கள்!

அவர்களுக்கு வழி தெரியாமலா போயிற்று? சென்னைக்கு எப்படி விரைவில் சேர்வது என்று அவர்கள் கேட்கவில்லை. எத்தனை ஊர் மக்களைக் காண்பது என்று கேட்டார்கள். கேள்வி மாறியது, வழி மாறியது, நாட்டின் வரலாறும் மாறியது. இன்றும் சுற்றுப்பயண நிரல் போடும் கழகத் தோழர்கள், கைபேசி காட்டும் நாற்கரச் சாலையில் மட்டுமே போய் வந்தால், சாலையை விட்டு நாலு கல் தள்ளியிருக்கும் சிற்றூர் நம் கணக்கிலிருந்தும் மறைந்துபோகும்.

நாம் கேட்பது என்ன?

யந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை நாம். அறிவின் விளைவை வெறுப்பது பகுத்தறிவாளர் பண்பாகாது. மென்பொருளைப் பழகுங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர் என்று புறப்படுமுன் போட்டுப் பாருங்கள். டீசலும் மிச்சமாகும், வீண் சண்டையும் குறையும். ஆனால் அந்த எண்ணைப் பேச்சுவார்த்தையின் தொடக்கமாக வையுங்கள், தீர்ப்பாக ஏற்காதீர்கள்.

புறப்படும்போதும் திரும்பும்போதும் வண்டி மீட்டரில் உள்ள எண்ணை ட்ரிப் ஷீட்டில் எழுதி, ஏறியவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எந்த வழியில் போவது என்பதை அவர் எதிரிலேயே வரைபடத்தில் காட்டிப் பேசி முடியுங்கள். வழி மாறினால் ஏன் மாறியது என்பதை ஒரு வரி குறித்துவையுங்கள். கணக்குக்கு எதிர்க்கணக்குத்தான் பதில், கூச்சல் பதிலாகாது.

தொழிற்சங்கங்களுக்குச் சொல்கிறோம். கூலிக்கு அளவாகும் தூரம், வண்டி பத்திரமாகப் போகத்தக்க வழியின் தூரமாக இருக்க வேண்டும். வெற்று வண்டியாக ஓடும் தூரமும் காத்திருக்கும் நேரமும் கணக்கில் ஏற வேண்டும். எந்த வழியை வைத்துக் கூலி போடப்பட்டது என்பதை ஓட்டுநர் கண்ணால் பார்க்கும் உரிமை வேண்டும். கணக்கு மறைவிலே இருக்கும் வரை களவும் மறைவிலே இருக்கும்.

யந்திரம் பொய் சொல்லாது, தோழர்களே! அதனிடம் நம் கேள்வியை நாம் கேட்கப் பழகினால், அது நமக்காகவும் உண்மை சொல்லும்.