கல்யாண போட்டோவை டிஸ்க்ல கொடுக்கிறீங்களா? முதல்ல அந்தப் பேனாவைக் கீழ வைங்க!

பகோடா பாயின்ட்ல ஒரு ப்ரீ-வெட்டிங் ஷூட், ஏரிக்கரையில் ரெண்டு போஸ், காபி எஸ்டேட்டுக்குள்ள சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவுல பனி இறங்குற நேரமா பார்த்து நாலு க்ளிக்... ஏற்காட்டுல கேமராவை நம்பிப் பிழைக்கிறவரா நீங்க? படம் எடுத்தாச்சு, எடிட்டிங்கும் முடிஞ்சாச்சு. காசு கொடுத்தவங்க கையில அதை எதுல கொடுக்கப்போறீங்க?

'லிங்க் அனுப்பினா போதாதா பாஸ்?' இன்னைக்குப் பார்க்க அது போதும். ஆனா, நீங்க க்ளவுடுல இடம் காலி பண்ற அன்னைக்கு அந்த லிங்க் செத்துடும். பென் டிரைவ் கொடுத்தா, புதுப் படம் ஏத்துறதுக்காக வீட்ல யாராவது கல்யாணத்தையே அழிச்சுடுவாங்க. ஒருமுறை எழுதுற டிஸ்க்கை அப்படித் தெரியாம அழிக்க முடியாது. லேப்டாப்ல டிரைவே இல்லாத இந்தக் காலத்துலயும் டிஸ்க்குக்கு மிச்சமிருக்கிற பெரிய பலம் அதுதான். அதனால பார்க்கிறதுக்கு லிங்க், பத்திரமா வைக்கிறதுக்கு டிஸ்க்னு ரெண்டையும் கொடுங்க.

எந்த டிஸ்க்?

சி.டி-யில 700 எம்.பி-தான் அடங்கும். ஒரு படம் 10 எம்.பி-ன்னு வெச்சுக்கிட்டா 70 படம். கல்யாணத்துல தாலி கட்டுறதுக்கு முன்னாடியே அது முடிஞ்சுடும். டி.வி.டி-யில 4.7 ஜி.பி, அதாவது நானூறு படங்களுக்கு மேல. ரெண்டாயிரம் படம்னா அஞ்சு டி.வி.டி வேணும், இல்லைன்னா 25 ஜி.பி ப்ளூ-ரே ஒண்ணு போதும். ஆனா அதைப் படிக்கிற டிரைவ் கஸ்டமர்கிட்ட இருக்கானு கேட்டுட்டு எழுதுங்க.

'ஆர்.டபிள்யூ'னு போட்டிருக்கிற, அழிச்சு எழுதுற ரகத்தைத் தொடவே தொடாதீங்க. ஒரு காலத்துல மோசர் பேயர் கவர் இல்லாத வீடே கிடையாது. அந்த நிறுவனத்தைக் கலைக்க 2018-ல உத்தரவே வந்துடுச்சு. இன்னைக்குக் கடையில பேர் இல்லாத டிஸ்க் மொத்தமா மலிவா கிடைக்கும். அதுல மிச்சமாகிற அஞ்சு, பத்து ரூபாய்க்காக ஒருத்தரோட கல்யாணத்தைப் பணயம் வைக்காதீங்க.

மேல்பக்கம்தான் வீக்!

பளபளன்னு இருக்கிற அடிப்பக்கத்தை எல்லாரும் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். உண்மையில சி.டி-யில ஆபத்தான பக்கம் மேலதான். 1.2 மில்லிமீட்டர் தடிமன்ல பெரும்பகுதி அடியில இருக்கிற பிளாஸ்டிக். உங்க படங்கள் பதிவாகிற சாயமும், ஒளியைத் திருப்பி அனுப்புற உலோகப் பூச்சும் லேபிளுக்கு நேர் கீழ, ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில இருக்கு. பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதினா, அந்தப் பள்ளம் டேட்டா மேலயே விழும். கடும் வாசனை அடிக்கிற மார்க்கர்ல இருக்கிற ரசாயனம் நாளாக ஆக அரக்கை ஊடுருவி இறங்கலாம். டி.வி.டி இதுல கொஞ்சம் தேவலாம். ரெண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவுல டேட்டா சாண்ட்விச் மாதிரி மாட்டியிருக்கும்.

ஜோடியோட போட்டோ போட்ட ஸ்டிக்கர் ஒட்டினா அழகா இருக்குமேன்னு தோணும். வேண்டாங்க! ஒரு நூல் தள்ளி ஒட்டினாலே, வேகமா சுத்துறப்போ டிஸ்க் ஆட ஆரம்பிக்கும். அதுவும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊர். மழைக்காலத்துல பனி வீட்டுக்குள்ளயே வந்து உட்கார்ந்துக்கும். காகிதம் ஈரத்தை இழுத்து உப்பி, ஓரம் கிளம்பும். அதைப் பிய்ச்சா உலோகப் பூச்சும் சேர்ந்து வந்துடலாம். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2003-ல வெளியிட்ட டிஸ்க் பராமரிப்புக் கையேடும் ஸ்டிக்கர் வேண்டாம்னுதான் சொல்லுது. தண்ணி கலந்த மையுள்ள, மெத்துன்னு முனை இருக்கிற டிஸ்க் மார்க்கர் வாங்குங்க. அழகு வேணும்னா, பிரின்ட் பண்றதுக்குன்னே வெள்ளை முகத்தோட வர்ற டிஸ்க்கை வாங்கி அச்சடிச்சு, நல்லா காய விடுங்க. ஜோடி போட்டோவை கவர் அட்டையில போட்டுக்கலாம்.

என்ன எழுதணும்? பேர், தேதி, இடம், 'மூணுல ஒண்ணு'ங்கிற எண்ணிக்கை, உங்க போன் நம்பர். அஞ்சு டிஸ்க்ல ஒண்ணு காணாமப்போனா, அந்த எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கும். நடு ஓட்டையைச் சுத்தி இருக்கிற கண்ணாடி மாதிரியான வளையத்துல டேட்டா கிடையாது. முக்கியமானதை அங்கே எழுதுறது இன்னும் பாதுகாப்பு.

பனியும் பூஞ்சையும்

மத்திய அமெரிக்காவுல இருக்கிற பெலிஸ் நாட்டுல ஒரு சி.டி-யைப் பூஞ்சை தின்னே போட்டிருந்தது. மாட்ரிட் ஆய்வாளர்கள் 2001-ல அதைப் பதிவு செஞ்சாங்க. அது அபூர்வம்தான், பயப்படாதீங்க. ஆனா, லென்ஸுக்குள்ள ஃபங்கஸ் ஏறுதேன்னு சிலிக்கா ஜெல் வாங்கி வைக்கிறீங்கல்ல? அதுல ஒரு பொட்டலத்தை டிஸ்க் பெட்டிக்குள்ளயும் போடுங்க. அந்தக் கையேடு சொல்ற ஈரப்பதம் 20-ல இருந்து 50 சதவிகிதம். ஏற்காட்டுப் பனிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது!

இன்னொண்ணு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்து வெக்கைக்கு வந்ததும் டிஸ்க்கை டிரைவ்ல சொருகாதீங்க. ஜில்லுனு இருக்கிற பொருள்மேல வெளிக்காத்தோட ஈரம் படியும். அரைமணி நேரம் பெட்டியிலயே இருக்கட்டும்.

எழுதும்போது டிரைவோட உச்ச வேகம் வேண்டாம், நடுத்தர வேகம் போதும். எழுதி முடிச்சதும் இன்னொரு கம்ப்யூட்டர்ல போட்டு, கடைசி ஃபோல்டர்ல இருக்கிற படம்வரைக்கும் திறந்து பாருங்க. கொடுக்கும்போது கஸ்டமர் முன்னாடியே ஒருமுறை ஓட்டிக் காட்டுங்க. உங்ககிட்ட ஒரு பிரதி எத்தனை மாசம் இருக்கும்னு பில்லுலயே எழுதிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 'அண்ணா, எங்க ரிசப்ஷன் போட்டோ இருக்கா?'ன்னு போன் வரும்போது, ரெண்டு பேருக்கும் சங்கடம் இருக்காது.